முகத்தோல் சீரமைப்பு அறுவைப் பயிற்சியில் ஒப்புருக்கள்: ‘போலி’ என்னும் இலக்கணக் கருத்தின்வழி ஒரு விளக்கம்

முன்னுரை

தென்காசி மாவட்டம் கடையத்தை அடுத்த சிவசைலம் பகுதியில், 2022ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், மலையிலிருந்து இறங்கிய கரடி ஒன்று ஒருவரைத் தாக்கியது. மீட்கச் சென்ற இருவரும் அதன் நகத்துக்கும் பல்லுக்கும் ஆளாயினர். மூவருக்கும் தலையிலும் முகத்திலும் கடுங்காயம் ஏற்பட்டது. திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அவர்கள் சிகிச்சை பெற்றனர். மயக்க ஊசி செலுத்திப் பிடிக்கப்பட்ட கரடி சில நாள்களில் இறந்தது. நாளிதழ்களின் கவனம் பெரும்பாலும் கரடியோடு நின்றது. கிழிந்த முகத்தை மீண்டும் முகமாக்குவது எவ்வாறு, அதைச் செய்யும் கை எங்கே பழகியது என்னும் வினாக்கள் எழவில்லை.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் ஐந்தருவியிலிருந்து பாபநாசம் வரை வாழும் மக்களுக்குக் கரடி புதிதன்று. அது பின்னங்கால்களில் நிமிர்ந்து தாக்கும் இயல்பினதாதலின் காயம் முகத்திலேயே மிகுதியாக விழுகிறது. ஆயினும் ஓர் அறுவை மருத்துவர் தம் பயிற்சிக் காலத்தில் இத்தகைய நோயாளியைக் காணாமலேயே இருந்துவிடக் கூடும். அரிதாகத் தேவைப்படும் திறனை அடிக்கடி பழகுவது எங்ஙனம்? இதற்கு இரண்டு விடைகளே உள்ளன. ஒன்று, வரும் நோயாளியின் முகத்திலேயே பழகுவது. மற்றொன்று, முகத்துக்கு ஈடாக வேறொன்றை வைத்துப் பழகுவது. முதல் விடைக்கான விலையை நோயாளி தருகிறார். வேறு மருத்துவமனையைத் தேடிச் செல்ல இயலாதவரே அவ்விலையைப் பெரிதும் தர நேர்கிறது.

இரண்டாம் விடையாகிய ஒப்புருப் பயிற்சி பற்றி இக்கட்டுரை விளக்குகிறது. ஒப்புரு எந்த அளவுக்கு முகத்தைப் போன்றிருக்கிறது என்பதைக் கொண்டே அதனை மதிப்பிடும் வழக்கம் உண்டு. அவ்வளவுகோல் போதாது என்பதும், தமிழிலக்கணம் கூறும் ‘போலி’ என்னும் கருத்து அதனினும் பொருத்தமான அளவுகோலைத் தருகிறது என்பதும் இங்கு முன்வைக்கப்படுகின்றன.

முகத்தோலின் இயல்பு

முகத்தோல் ஒரே துணி போன்றதன்று. இமைத்தோல் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிப்புடையது. உடலிலேயே மிக மெல்லியது. மூக்கு நுனித்தோல் தடித்தது, எண்ணெய்ச் சுரப்பிகள் நிறைந்தது, அடியிலுள்ள குருத்தெலும்போடு ஒட்டிக்கிடப்பது. கன்னத்தோல் தளர்ந்தது, கிள்ளினால் கையோடு வரும். நெற்றித்தோல் தடித்தும் நல்ல குருதியோட்டம் பெற்றும் இருப்பது. இவற்றுள் ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைத்தால் ஒட்டுத் துணி தைத்த சட்டைபோல் தெரியும்.

மேலும் முகத்தில் அசையும் ஓரங்கள் பல. கன்னத்தில் விழுந்த குழியை மூடுவதற்காகத் தோலைச் சற்று இறுக்கித் தைத்தால் கீழிமை கீழ்நோக்கி இழுபடும். கண் முழுமையாக மூடாது. கருவிழி உலர்ந்து பார்வைக்கே தீங்கு நேரும். உதட்டருகே இறுக்கினால் வாய் கோணும். எனவே தைப்பது இத்துறையில் இரண்டாவது வேலை. எங்கிருந்து எவ்வளவு தோலை எத்திசையில் நகர்த்துவது என்று முன்கூட்டித் தீர்மானிப்பதே முதல் வேலை. 1861ஆம் ஆண்டில் வியன்னாவின் கார்ல் லாங்கர், பிணத்தின் தோலில் வட்டமான முனையால் குத்திய துளைகள் நீள்வட்டமாக விரிவதைக் கண்டு, தோல் இழுவிசையின் போக்கை வரைந்து காட்டினார். முகச் சுருக்கங்களின் போக்கில் வடுவை ஒளித்துவைக்கும் பிற்கால முறைகளுக்கு அது வழிவகுத்தது.

நகர்த்தும் தோல் இருவகைப்படும். உடலிலிருந்து முற்றிலும் பிரித்தெடுத்து வேறிடத்தில் பதிப்பது தோலொட்டு. ஒரு பக்கம் உடலோடு இணைந்திருக்கவே மறுபக்கத்தை விடுவித்துத் திருப்பி வைப்பது மடல். ஒட்டு, பதித்த இடத்திலிருந்து புதிதாகக் குருதி பெற வேண்டும். மடலோ தன் காம்பின் வழியே குருதியைக் கொண்டுவருகிறது. இவ்வேறுபாடே ஒப்புருக்களின் பயனையும் குறையையும் தீர்மானிப்பது.

போலி: இலக்கணம் தரும் அளவுகோல்

இன்றைய வழக்கில் போலி என்னும் சொல் ஏமாற்றுப் பொருளைக் குறித்து இழிந்துவிட்டது. போலி மருத்துவர், போலிச் சான்றிதழ் என்பன காண்க. இலக்கணத்தில் அச்சொல்லுக்கு அத்தகைய இழிவில்லை. ஓரெழுத்தின் இடத்தில் வேறோர் எழுத்து வந்தும் பொருள் மாறாதிருத்தலே போலி. மஞ்சு என்பது மைஞ்சு என வருவது முதற்போலி. இடைப்போலிக்கு உரையாசிரியர்கள் காட்டும் சான்றுகளுள் ஒன்று இலஞ்சி, இலைஞ்சி என்பது. குற்றாலத்துக்கு அருகிலுள்ள இலஞ்சியை அறிந்தோர்க்கு இச்சான்று மறவாது. நிலம் நிலன் ஆவது கடைப்போலி. ஐந்து அஞ்சு ஆவது முற்றுப்போலி. ஐந்தருவியைப் பேச்சில் அஞ்சருவி என்பாரும் அதே நீரில்தான் குளிக்கின்றனர்.

இங்குக் கருத வேண்டியவை இரண்டு. முதலாவது, போலியாக வரும் எழுத்து மூல எழுத்தைப் போன்ற வரிவடிவம் உடையதாக இருக்க வேண்டியதில்லை. மகரத்துக்கும் னகரத்துக்கும் வரிவடிவ ஒற்றுமை இல்லை. செய்யும் வேலையில் மட்டும் ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகிறது. இரண்டாவது, அந்த ஈடு எல்லா இடத்துக்கும் உரியதன்று. அஃறிணைப் பெயரின் ஈற்றில் நிற்கும் மகரத்துக்கே னகரம் போலியாகும். மரம் என்னும் சொல்லின் முதலெழுத்தை னகரமாக்க எவரும் துணியார். போலி, இடம் வரையறுக்கப்பட்ட ஈடு.

அறுவைப் பயிற்சியின் ஒப்புருவையும் இவ்வாறே காண்பது தகும். தோற்றத்தில் முகத்தைச் சிறிதும் ஒவ்வாத பொருள், ஒரு குறிப்பிட்ட செயலளவில் முகத்துக்கு ஈடாகலாம். கண், மூக்கு, மயிர் வரை நுட்பமாக வார்க்கப்பட்ட உருவம், பயில வேண்டிய செயலளவில் ஈடாகாமற் போகலாம். ஓர் ஒப்புருவைக் கண்டவுடன் கேட்க வேண்டியது, ‘இது எந்தச் செயலுக்கு, எந்த இடத்தில் போலி?’ என்பதே.

சுரைக்காயும் குவளைத் தண்டும்

இவ்வினாவைத் தெளிவாகக் கேட்டு விடையும் கூறிய பழைய நூல் சுசுருத சங்கிதை. அதன் சூத்திரதானத்தின் 9ஆம் அத்தியாயம் பயிற்சிக்கென்றே அமைந்தது. நூல் முழுதும் கற்றவனாயினும் செயலில் பழகாதவன் சிகிச்சைக்குத் தகுதியற்றவன் என்ற கருத்தோடு தொடங்கி, எச்செயலை எப்பொருளில் பழகுவது என்று அது வகுத்துரைக்கிறது. வெட்டுதலைப் பூசணி, சுரை, வெள்ளரி முதலிய காய்களில் பழக வேண்டும். பிளத்தலுக்கு நீரோ சேறோ நிரப்பிய தோற்பையும் விலங்கின் சிறுநீர்ப்பையும். சுரண்டலுக்கு மயிர் நீக்காமல் விரித்த தோல். நாளத்தைத் துளைத்தலுக்கு இறந்த விலங்கின் நாளங்களும் தாமரைத் தண்டும். துழாவிப் பார்த்தலுக்குப் பூச்சி அரித்த மரமும் மூங்கிலும் உலர்ந்த சுரைக்குடுக்கையும். தைத்தலுக்கு மெல்லிய துணி, தடித்த துணி, மென்தோல் ஆகியவற்றின் ஓரங்கள். கட்டுப்போடுதலுக்குத் துணி முதலியவற்றால் செய்த ஆளுயரப் பாவை.

இப்பட்டியலில் முழு மனித உருவம் ஒரே ஒரு முறைதான் வருகிறது, அதுவும் கட்டுப்போடுவதற்கு. கட்டுத்துணி உடம்பின் வளைவைச் சுற்றிச் செல்ல வேண்டுமாதலின் அங்கே உருவம் தேவை. ஏனைய இடங்களில் சுரைக்காய் போதும். தைத்தலுக்கு மெல்லியதும் தடித்ததுமாகிய துணிகளைத் தனித்தனியே சுட்டியிருப்பதும் நோக்கத்தக்கது; இமைக்கும் நெற்றிக்கும் உள்ள வேறுபாட்டை விரல் அங்கேயே உணரத் தொடங்கும்.

முகத்தோல் சீரமைப்புக்கு நேரடியாக உரிய குறிப்பும் அவ்வத்தியாயத்தில் உண்டு. அறுந்த காதுமடலை இணைத்துக் கட்டும் செயலை மென்தசையிலும் குவளைத் தண்டிலும் பழகும்படி நூல் பணிக்கிறது. குவளைத் தண்டு வழுக்குவது, மென்மையானது, அழுத்தினால் நசுங்குவது. காதுமடலின் இரு முனைகளையும் நசுக்காமல் சேர்த்துப் பிடிக்கும் விரலழுத்தத்தை அது கற்பிக்கும். திருநெல்வேலி, தென்காசிப் பகுதிகளில் காது வடித்துப் பாம்படம் அணிந்த முதிய பெண்களைக் கண்டோர்க்கு இதன் தேவை விளங்கும். எடை தாங்காமல் அறுந்த தொள்ளைக்காதை ஒட்டித் தைப்பது இப்பகுதிக்குப் பழக்கமான சிறு அறுவை. பாம்படம் மறைந்துவரும் நிலையிலும், கனத்த தோடும் சங்கிலிப் பறிப்பும் அவ்வறுவையின் தேவையைக் காத்துவருகின்றன.

அதே நூலின் 16ஆம் அத்தியாயம் காதுமடல் இணைப்பு முறைகளோடு மூக்குச் சீரமைப்பையும் கூறுகிறது. அறுந்த மூக்கின் அளவுக்கு ஒரு மரத்தின் இலையை எடுத்து, அதனை அளவாக வைத்துக் கன்னத்திலிருந்து தோலை விடுவித்து, ஒரு பக்கம் இணைப்பு விடாமல் திருப்பி மூக்கில் பொருத்தி, மூச்சுக்கு இரு குழல்களைச் செருகும் முறை அது. அந்த இலையும் ஓர் ஒப்புருவே. பரப்பளவு என்னும் ஒரே ஒரு செயலுக்கு மூக்கின் போலியாக அது நிற்கிறது.

மெழுகில் எழுந்த மூக்கு

இலை தட்டையானது, மூக்கோ புடைத்தது. இக்குறையைத் தீர்த்த மற்றொரு முறை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியர் கண்ணில் பட்டது. ஆங்கிலப் படையில் மாடு ஓட்டிய கவாஸ்ஜி என்னும் மராத்தியர் 1792ஆம் ஆண்டுப் போரில் திப்பு சுல்தானின் படையினரிடம் சிறைப்பட்டு மூக்கும் ஒரு கையும் இழந்தார். ஏறத்தாழ ஓராண்டு மூக்கின்றி இருந்த அவருக்குப் புனே அருகில் செங்கல் அறுக்கும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் நெற்றித்தோலால் புதிய மூக்கு அமைத்தார். இச்செய்தி 1794ஆம் ஆண்டு அக்டோபரில் லண்டனின் ஜென்டில்மேன்ஸ் மேகசின் இதழில் படத்துடன் வெளியாயிற்று.

அவ்விவரிப்பின்படி, அறுவை செய்தவர் முதலில் மெல்லிய மெழுகுத் தகட்டை மூக்கின் அடிக்கட்டையில் பொருத்தி, விரும்பிய வடிவில் ஒரு மூக்கைச் சமைத்தார். பின் அதை எடுத்துத் தட்டையாக்கி நெற்றியில் வைத்து, சுற்றிலும் கோடு வரைந்தார். கோட்டின்வழி தோலை விடுவித்து, புருவங்களுக்கிடையில் ஒரு சிறு காம்பை மட்டும் விட்டுவைத்து, மடலைத் திருப்பி மூக்கில் அமைத்தார். தையல் இடவில்லை, நீரில் குழைத்த காசுக்கட்டியைத் துணித்துண்டுகளில் தடவி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி இணைப்பை நிலைப்படுத்தினார். ஏறத்தாழ 25ஆம் நாளில் காம்பு அறுக்கப்பட்டது.

மெழுகு இங்கு இரட்டை வேலை செய்கிறது. முப்பரிமாணத்தில் நிற்கும்போது அது வரப்போகும் மூக்கு. தட்டையாக்கியபின் அது நெற்றியில் வெட்ட வேண்டிய தோலின் கணக்கு. புடைத்த வடிவம் தட்டைப் பரப்பாக மாறும்போது எவ்வளவு விரியும் என்பதை மனக்கணக்கால் காண்பது அரிது. கை அதை மெழுகில் கண்டுவிடுகிறது. மண்ணை அச்சிலிட்டு வடிவம் தரும் தொழிற்குலத்தவரிடம் இம்முறை இருந்தது தற்செயல் என்று தள்ளிவிட முடியவில்லை. இன்றைய அறுவைக்கூடத்திலும் தையல் நூல் வரும் மெல்லிய உலோகத்தாள் உறையைக் கத்தரித்து, குறைவிடத்தில் அழுத்தி, விரித்து, நெற்றியில் வைத்து வரைகின்றனர். பொருள் மாறியது; போலியின் வேலை மாறவில்லை.

லண்டன் அறுவை மருத்துவர் ஜோசப் கார்ப்யூ இச்செய்தியால் தூண்டப்பட்டு, பிணங்களில் பயின்று, 1814ஆம் ஆண்டில் முதன்முறையாக உயிருள்ளவரிடம் இம்முறையைச் செய்தார். 1816ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். இதழ்ச் செய்திக்கும் முதல் அறுவைக்கும் இடைப்பட்ட 20 ஆண்டுகள் தயக்கத்தின் அளவாகவும் தயாரிப்பின் அளவாகவும் கொள்ளத்தக்கவை.

தாள், நுரை, ஆட்டுத்தலை

இக்காலப் பயிற்சி ஒப்புருக்களில் மிக மலிவானது தாள். ரஷ்ய அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் லிம்பர்க், தோல் மடல்களின் வடிவக் கணக்கைத் தாளில் வெட்டி மடித்துக் காட்டியவர். 60, 120 பாகைக் கோணங்களையுடைய சாய்சதுரக் குறைவிடத்தை, அதே அளவுள்ள அண்டை மடலால் மூடும் முறை அவர் பெயராலேயே வழங்குகிறது. இரு முக்கோண மடல்களை இடம் மாற்றி இறுகிய வடுவை நீட்டும் முறையும் தாளில் தெளிவாக விளங்கும். கோணம் 30 பாகையாயின் நீளம் கணக்களவில் 25 விழுக்காடும், 45 பாகையாயின் 50 விழுக்காடும், 60 பாகையாயின் 75 விழுக்காடும் கூடும். பயில்வோர் இவ்வெண்களை மனனம் செய்து மறப்பதைவிட ஒரு முறை தாளில் வெட்டிப் பார்ப்பது நன்று.

தாள் நீளாது. ஆகவே மடல் திரும்பும் முனையில் கூம்புபோல் ஒரு புடைப்பு எழுந்து நிற்கும். தோலிலும் அப்புடைப்பு எழும். ஆனால் தோல் ஓரளவு நீண்டு அதை விழுங்கிக்கொள்ளும். எவ்வளவு விழுங்கும் என்பதைத் தாள் கூறாது. அதற்கு நுரைத் தகட்டின்மேல் இழுபடும் துணியோ மெல்லிய இரப்பரோ போர்த்திய ஒப்புரு வேண்டும். அதன்மேல் கட்டம்கட்டமாகக் கோடு வரைந்து, மடலை நகர்த்தித் தைத்தால், எந்தக் கட்டம் எத்திசையில் நீண்டது என்பது கண்ணுக்குத் தெரியும். கீழிமை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு வரைந்து அது தாழ்கிறதா என்று பார்ப்பது, விலையுயர்ந்த கருவிகள் இல்லாத கல்லூரியிலும் செய்யக்கூடிய பயிற்சி.

தோலை அடுக்கடுக்காகப் பிரித்தல், கத்தி எந்த ஆழத்தில் செல்கிறது என்று உணர்தல் ஆகியவற்றுக்கு நுரையும் ஈடாகாது. இங்கே விலங்குத் திசு வருகிறது. பன்றித்தோல் மனிதத் தோலுக்கு மிக நெருக்கமானது என்பதால் பல நாடுகளில் அதுவே முதன்மை. அதனைத் தொட விரும்பாத மாணவர்களும் உண்டு; எல்லா ஊரிலும் எளிதிற் கிடைப்பதுமில்லை. தமிழ்நாட்டில் எந்தச் சிற்றூரின் கசாப்புக் கடையிலும் ஆட்டுத்தலை கிடைக்கும். அதில் இமை உண்டு, உதடு உண்டு, மூக்குத்துளை உண்டு, குருத்தெலும்போடு கூடிய காது உண்டு. இமையோரத்தைப் படிநிலை மாறாமல் சேர்த்துத் தைத்தலையும், காதின் தோலைக் குருத்தெலும்பிலிருந்து கிழியாமல் விடுவித்தலையும் அதிற் பழகலாம். மனித நெற்றியின் அகலம் அதற்கில்லை. கன்னத்தோலின் தளர்ச்சியும் இல்லை. நெற்றி மடலுக்கு ஆட்டுத்தலை போலியாகாது.

கணினிவழிப் படமெடுத்த நோயாளியின் முகத்தை முப்பரிமாண அச்சில் வடித்து, அதன்மேல் சிலிக்கோனை அடுக்கடுக்காக வார்த்து உருவாக்கும் ஒப்புருக்கள் அண்மைக்காலத்தவை. இவற்றின் தனிச்சிறப்பு மீண்டும் செய்யக்கூடியமை. ஒரே குறைவிடத்தைப் பத்துப் பேர் பத்து விதமாக மூடலாம். ஒருவரே மூன்று முறை தவறலாம். பிணம் இவ்வாய்ப்பைத் தருவதில்லை. பார்மலினில் இட்ட பிணத்தின் தோல் விறைத்துத் தளர்ச்சி இழந்துவிடும். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் வால்டர் தீல் 1992ஆம் ஆண்டில் வெளியிட்ட பதப்படுத்தும் முறை திசுவின் நெகிழ்வைக் காப்பது; ஆனால் செலவும் உழைப்பும் மிக்கது.

உண்மைக்கு நெருங்கிய பொருளே சிறந்த ஆசான் என்னும் எண்ணத்தை டொராண்டோ பல்கலைக்கழகத்தினர் 1999ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வு அசைத்தது. பொதுவான அறுவைச் செயல்கள் சிலவற்றைப் பாடநூல்வழி மட்டும் கற்றோர், மேசையில் வைக்கும் எளிய ஒப்புருவில் பயின்றோர், பிணத்தில் பயின்றோர் ஆகியோரைப் பின்னர்ப் பிணத்தில் அறுவை செய்யவைத்து மதிப்பிட்டனர். பயிற்சி பெற்ற இரு குழுவினரும் படித்தோரைவிட மேம்பட்டனர். அவ்விரு குழுவினரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அவ்வாய்வு முகத்தோலைப் பற்றியதன்று. எனினும் தோற்ற ஒப்புமைக்குப் பெரும்பொருள் செலவிடும் கல்லூரிகள் அதைக் கருத்திற்கொள்வது நலம்.

ஐந்தருவிப் பழத்தோட்டமும் மடல் என்னும் சொல்லும்

ஒப்புரு பொருளாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, சொல்லும் ஒப்புருவாகும். துறையின் பெயரிலிருந்தே இது தொடங்குகிறது. கிரேக்கத்தில் வடிவம் தருதலைக் குறித்த சொல்லிலிருந்து வந்த பிளாஸ்டிக் என்னும் அடையை, நெகிழிப் பொருளோடு குழப்பிக்கொண்டு, முகத்தில் நெகிழியை வைத்துத் தைப்பார்கள் என்று நம்பும் நோயாளிகள் இன்றும் உண்டு. ஒட்டுறுப்பு அறுவை என்னும் தமிழாக்கம் அக்குழப்பத்தை நீக்கினாலும் வேறொன்றை உண்டாக்குகிறது. ஒட்டு மட்டுமே இத்துறையின் தொழில் என்று அது எண்ணச் செய்கிறது, மடல் மறைந்துபோகிறது. மண்ணையும் மாலையையும் ஓவியத்தையும் உருவாக்குதற்கு வழங்கும் வனைதல் என்னும் வினை மூலப்பொருளுக்கு நெருங்கியது. வனைவு அறுவை என்பது ஆராயத்தக்க சொல்.

மடல் என்னும் சொல்லோ முற்றிலும் பொருந்துவது. பூவிதழ், பனை ஓலை, வாழை மடல், காதுமடல் எனத் தமிழில் மடல் எனப்படுவனவெல்லாம் ஒருபுறம் உடலோடு பொருந்தி மறுபுறம் விரிவன. அடி அறுந்தால் மடல் வாடும். இச்சொல்லைக் கேட்ட மாணவர், காம்பைக் காக்க வேண்டும் என்பதைத் தனியே கற்க வேண்டியதில்லை.

நெற்றி மடலுக்கு இன்னும் நெருங்கிய ஒப்புமையைத் தோட்டக்காரர் அறிவர். ஐந்தருவிப் பகுதியில் தோட்டக்கலைத் துறையின் பழத்தோட்டம் உள்ளது. அங்கு விழும் அருவிக்குப் பழத்தோட்ட அருவி என்றே பெயர். பழமரங்களைப் பெருக்கும் முறைகளுள் நெருக்கு ஒட்டு என்பது ஒன்று. தாய்மரத்தின் கிளையை வெட்டாமல், தொட்டியில் வளர்ந்த வேர்ச்செடியை அதனருகே கொண்டுவந்து, இரண்டின் பட்டையையும் சீவிச் சேர்த்துக் கட்டுவர். கிளை தாய்மரத்தின் சாற்றிலேயே உயிர் வாழும். இணைப்புக் கூடிய பின்னரே தாய்மரத்திலிருந்து அறுப்பர். புனேயில் 25ஆம் நாள் காம்பை அறுத்தவரும், இன்று ஏறத்தாழ மூன்று வாரம் காத்திருந்து அறுப்பவரும் செய்வது இதுவே. குச்சியை முதலிலேயே வெட்டியெடுத்துச் செருகும் பிற ஒட்டு முறைகள் தோலொட்டுக்கு ஒப்பானவை. ஒட்டு, மடல் என்னும் இரு கருத்தையும் ஒரே தோட்டத்தில் காட்டலாம்.

இத்தகைய சொல்லாய்வு மருத்துவத்துக்குப் புறம்பானதன்று. யாழ்ப்பாணம் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், 1867ஆம் ஆண்டில் இரண வைத்தியம் என்னும் அறுவை நூலைத் தமிழில் வெளியிட்டவர். அறுவைத் தமிழ் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே பாடமொழியாக இருந்தது. அதன் தொடர்ச்சி அறுந்ததால்தான் மடலும் ஒட்டும் தோட்டத்தோடு நின்றுவிட்டன.

ஒப்புரு பேசாதவை

சிலிக்கோனுக்குக் குருதி இல்லை. மடல் பிழைக்குமா என்பதை நிறமே அறிவிக்கும். வெளிறினால் உள்வரும் குருதி தடைப்பட்டது. கருநீலமானால் வெளியேறும் குருதி தேங்கியது. விரலால் அழுத்தி விட்டபின் நிறம் எவ்வளவு விரைவில் திரும்புகிறது என்று பார்க்கும் பழக்கத்தை, இன்று புழங்கும் ஒப்புருக்களில் பெரும்பாலானவை தருவதில்லை. காலமும் அவற்றுக்கு இல்லை. வடு ஆறு மாதத்தில் எவ்வாறு சுருங்கும், கருந்தோலில் எவ்வளவு தடித்து எழும் என்பதை மேசையில் காண இயலாது.

ஒப்புரு கண்ணாடியும் கேட்பதில்லை. நெற்றி மடல் வைத்த நோயாளி ஏறத்தாழ மூன்று வாரம், புருவத்திலிருந்து மூக்குக்குத் தொங்கும் தோற்காம்போடு வாழ வேண்டும். உண்பது, உறங்குவது, வீட்டுக் குழந்தையின் முன் நிற்பது எல்லாம் அத்தோற்றத்தோடுதான். இதை முன்கூட்டியே, அவர் மொழியில், அவர் அஞ்சாத வகையில் எடுத்துரைப்பது பயிற்சியின் பகுதியாக வேண்டும். நோயாளியாக நடிப்போரைக் கொண்டு உரையாடலைப் பழக்கும் முறை மருத்துவக் கல்வியில் உண்டு. முக அறுவையில் அது ஒதுக்கத்தக்க பகுதியன்று. மெழுகைப் போலவே அந்த உரையாடலும் வரப்போகும் முகத்தை முன்கூட்டிக் காட்டுவது.

இன்னொரு குறை திருத்தக் கூடியது. சந்தையிலுள்ள முக ஒப்புருக்களில் பல, வெண்ணிறத் தோலரிடையே மிகுதியாகக் காணப்படும் தோற்புற்றை அகற்றிய இடத்தை மனத்திற்கொண்டு செய்யப்பட்டவை. அவற்றின் குறைவிடம் பெரும்பாலும் வட்டம், ஓரம் தூயது, அண்டைத் தோல் நலமுடையது. சிவசைலம் போன்ற இடங்களிலிருந்து வரும் காயத்தில் வட்டமில்லை. நகம் கீறிய கோடுகள் நான்கைந்து இணையாக ஓடும். இடைப்பட்ட தோல் உயிருள்ளதா என்பதே ஐயம். மண்ணும் மயிரும் உள்ளே புதைந்திருக்கும். அண்டையிலிருந்து எடுக்க எண்ணிய மடலின் காம்பே கிழிந்திருக்கலாம். அங்கு முதற்செயல் மடல் வரைதல் அன்று; கழுவுதல், பிழைக்கும் தோலை இனங்காணுதல், சில நாள் பொறுத்தல்.

இச்செயல்களுக்கு வட்டக் குறைவிடம் போலியாகாது. ஆட்டுத்தலையின் தோலில் இரும்பு முள்வாரியால் இணைகோடுகள் கிழித்து, மண் தேய்த்து, ஒரு காம்பை வேண்டுமென்றே அறுத்துவைத்துக் கொடுத்தால் அது கரடிக் காயத்துக்கு நெருங்கும். அதற்காகும் செலவு ஓர் ஆட்டுத்தலையின் விலை. கசாப்புக் கடையில் தோலை உரிப்பதற்கு முன்பே தலையைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதொன்றே நினைவிற்கொள்ளத்தக்கது.